படத்தை வெட்டாமல் போடுங்கள்

1

கையுறையைக் கழற்றாமலேயே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் திறக்காத சாப்பாட்டு டப்பாவும் ஒரு மாற்றுச் சட்டையும். பெர்ரித் தோட்டத்தின் இரும்புக் கேட்டை யாரோ பின்னால் சாத்தினார்கள். சாலையின் இருபுறமும் நீளநீளமாகப் பிளாஸ்டிக் கூடாரங்கள். உள்ளே நேபாளத்துக்காரர்களும் பஞ்சாபிகளும் குனிந்து பழம் பறித்துக்கொண்டிருப்பது நிழலாகத் தெரிந்தது. போர்ச்சுகலின் தெற்குக் கரையில் இருக்கிறது இந்த ஊர். கடல் கண்ணில் படாது, காற்றில் உப்பு மட்டும் வரும்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் பழக்கம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் நடந்து வந்தேன். கப்பலூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி வார்க்கும் கம்பெனியிலிருந்து நடந்தேன். அப்புறம் திருப்பூர், மஸ்கட், மால்டா. சில இடங்களில் சம்பளம் சரியில்லை, சில இடங்களில் நான் சரியில்லை. அதையெல்லாம் நினைத்து இப்போது வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

அன்றைக்கு வேலை போனது செல்போனால். எங்கள் மேஸ்திரி கிராசா அம்மா நல்லவர். இந்த நாட்டுப் பாஷையில் நான் முதலில் கற்ற சொல்லே அவரிடமிருந்துதான்: நன்றி சொல்வதற்கான ஒப்ரிகாதா. பெண்கள்தான் அப்படிச் சொல்வார்கள், ஆண்பிள்ளை ஒப்ரிகாதோ என்று முடிக்க வேண்டும் என்பது தெரியாமல் வெகுநாள் கடையிலும் பஸ்ஸிலும் பெண்ணாக நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தேன். தெரிந்த பிறகும் அவரிடம் மட்டும் பழையபடியே சொல்வேன், அவர் சிரிப்பார். அன்று அவர் சிரிக்கவில்லை. செடி வரிசைக்குள் நான் வீடியோ காலில் பேசிக்கொண்டு நிற்பதை முதலாளியே பார்த்துவிட்டார். போனா கூடையா, ஏதாவது ஒன்றைக் கீழே வை என்றார் கிராசா அம்மா. கூடையை வைத்தேன். ஒப்ரிகாதா என்றேன்.

ஏனென்றால் போனில் என் தங்கச்சி செல்வி இருந்தாள். சோழவந்தான் பக்கத்தில் ஒரு வாய்க்கால் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். போன் கட்டாவதற்கு முன் நான் கடைசியாகப் பார்த்தது, ஒரே கடப்பாரையை இரண்டு பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததை. கடப்பாரை கீழே இறங்கியதா, தண்ணீர் வந்ததா என்று தெரியவில்லை. சிக்னல் இல்லாத சாலையில், பஸ் நிறுத்தம் இருக்கும் மேட்டை நோக்கி நடந்தேன்.

2

செல்வியும் அவள் புருஷன் பாண்டியும் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார்கள். அகத்தி மரத்தில் கொடியை ஏற்றி, பாத்திகளுக்கு நடுவே ஓடை போல் தண்ணீர் நிற்கவைத்து வளர்ப்பது. வெற்றிலைக்கொடி குழந்தை மாதிரி. வெயிலும் ஆகாது, அதிகத் தண்ணீரும் ஆகாது, தண்ணீர் இல்லாமல் போனால் மன்னிக்கவே மன்னிக்காது. அங்கே போர்த் தண்ணீர் உப்பு. வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர்தான் கதி.

அந்த வாய்க்கால் ஊர்ச் சாலைக்கு அடியில் ஒரு குழாய் வழியாகக் கடந்து கொடிக்காலுக்குப் போகும். குழாயின் வாயை ஒட்டி ஒரு கட்சிக் கொடிக்கம்பம். சாலையை அகலப்படுத்தியபோது கம்பத்தின் பீடத்தையும் பெரிதாக்கினார்கள். கான்கிரீட் வழிந்து குழாய்க்குள் இறங்கி இறுகிவிட்டது. எந்தக் கட்சி என்று இங்கே எழுதவில்லை, ஏன் என்று பின்னால் தெரியும்.

"அண்ணே, அந்தப் பக்கம் தண்ணி குளமாட்டம் நிக்குது. இந்தப் பக்கம் தவள குதிச்சா தூசி பறக்குது," என்று சில நாட்களுக்கு முன் போனில் சொல்லியிருந்தாள் செல்வி. "இந்த முறை போச்சுன்னா கொடி காஞ்சிரும். மறுபடி நட்டு எல கிள்ளுற வரைக்கும் என்னத்தத் திங்க? அவரு கப்பலூருக்கு மூட தூக்கப் போறேங்கிறாரு."

"ஊர்ல சொன்னீங்களா?"

"யார்ட்ட சொல்ல? எல்லாருக்கும் தெரியும். கொடிக்கம்பமாச்சே, நமக்கெதுக்குன்னு போறாய்ங்க."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இணையத்தில் கேட்பது.

3

மதுரைக்காரர்கள் நடத்தும் ஒரு கேள்வி பதில் குழுமம் இருக்கிறது. மோட்டார் ஏன் சூடாகிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் தப்பாக இருந்தால் என்ன செய்வது, மல்லிகைச் செடியில் மொட்டு ஏன் கருகுகிறது, எதைக் கேட்டாலும் எவனாவது ஒருத்தன் பட்டறிந்து வைத்திருப்பான், பதில் சொல்வான். இங்கே என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க முன்பதிவு நேரம் கிடைக்காமல் அலுவலக வாசலில் பலமுறை நின்று திரும்பினேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கணினியைக் காட்டினார், கணினி பிறகு வா என்றது. எந்தக் கிளை அலுவலகத்தில் வரிசை குறைவு, எந்தக் காகிதத்தை மொழிபெயர்த்துக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குச் சொன்னது அந்தக் குழுமம்தான். என் மனைவி தேன்மொழியும் மகள் கயலும் இங்கே வந்து சேர்ந்ததில் அதற்குப் பங்குண்டு.

குழுமத்தைத் தொடங்கியவர் முத்துவேல் அண்ணன். கப்பலூரில் பம்ப்செட் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா காளவாசலில் டீக்கடை நடத்தியவர். கடையில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று ஒரு தகரப் பலகை தொங்கும். அந்தப் பலகையைப் படம் எடுத்து அப்படியே குழுமத்தின் முகப்பில் வைத்திருந்தார். அதுதான் முதல் விதி.

நான் கேள்வியைப் போட்டேன். 'குழாயை அடைத்த இந்தக் கான்கிரீட்டை எப்படி எடுப்பது?' செல்வி அனுப்பிய படத்தையும் சேர்த்தேன். பீடம், கம்பம், மேலே கொடி. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் காணோம். 'அரசியல் பதிவு. நீக்கப்பட்டது.'

சரிதான் என்று படத்தை வெட்டினேன். கொடி போயிற்று, கம்பம் போயிற்று, பீடத்தில் பதித்திருந்த கல்வெட்டும் போயிற்று. அழுக்கான ஒரு சிமெண்ட் கட்டியும் அடைபட்ட குழாயும் மட்டும் மிஞ்சின. இப்போது கேள்வி சுத்தமாக இருந்தது. பதில்களும் குவிந்தன. துளைபோட்டுச் சுண்ணாம்புத் தூளை அடைத்தால் தானே வெடிக்கும் என்றார் ஒருவர். பக்கவாட்டில் புதுக் குழாய் இறக்கு என்றார் இன்னொருவர். கையில் பிடிக்கும் பிரேக்கர் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும், அரை நாள் வேலை என்று ஒரு பொறியாளர் விவரமாக எழுதினார். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். நானும் தட்டினேன். மாப்பிள்ளை பாண்டிக்கு அதை அனுப்பியது நான்தான்.

பாண்டி மெஷினை வாங்கிக்கொண்டு போய்ச் சுவிட்சைப் போட்டதுதான் தாமதம். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது, கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் கொடியை உடைக்க இவன் யார் என்று ஒரு பக்கம். உடைத்தால்தான் என்ன என்று அடுத்த கட்சிக்காரர்கள் மறுபக்கம். அவர்களுக்கு வாய்க்காலைப் பற்றிக் கவலை இல்லை, உடைவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாண்டியின் சட்டை கிழிந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, பிரச்சினை தீரும் வரை யாரும் பீடத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மச்சான், யார் சொன்ன ஐடியா இது?" என்று பாண்டி போனில் கேட்டார். "அந்த ஆளு கான்கிரீட்டப் பத்தி நல்லாத்தான் சொல்லியிருக்காரு. அதுக்கு மேல கொடி பறக்குதுன்னு அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது. அதை வெட்டியது நான்.

4

முத்துவேல் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, முழுப் படத்தோட மறுபடி போடணும்."

"வேணாம்ப்பா. உனக்குத் தெரியாததா? போன எலெக்‌ஷன்ல எங்க தெரு குரூப்பு என்னாச்சு? அண்ணன் தம்பி ரெண்டு பேரு இன்னும் ஒரே வீட்ல தனித்தனி வாசல் வச்சுப் போறாய்ங்க. அம்புட்டும் போன்ல ஆரம்பிச்சது. எங்கப்பா அந்தப் பலகைய மாட்டலேன்னா கடையில ஒரு கிளாஸ் மிஞ்சியிருக்காது."

"பலகைக்குக் கீழ பேப்பர் கெடக்குமேண்ணே."

"கெடக்கும்."

"சத்தமா வாசிப்பாய்ங்களே."

"வாசிக்கலாம். பேசத்தான் கூடாது. அப்பா அதுல கறாரு."

"வாசிச்சுட்டு ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாப்பாய்ங்க. அது பேச்சு இல்லியா?"

அண்ணன் சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மோட்டாரைப் பற்றிக் கேட்க வரும் ஒரு ஆள் வசவைப் படித்துவிட்டு ஓடிப்போனால், அந்த மோட்டார் கடைசி வரை ஓடாது. பத்துப் பேர் கத்துகிற இடத்தில் தெரிந்தவன் வாய் திறக்க மாட்டான். இதை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

நான் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, இங்கன எங்க ஊருச் சந்துல ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கு. வெளிநாட்டுக்காரன் வேணாம்னு ஒரு கட்சி போட்டது. நான் வேலைக்குப் போறப்ப தெனம் அதத் தாண்டித்தான் போறேன். என் அட்டை புதுப்பிக்கிற சட்டத்த மாத்துறது அந்த மாதிரி ஆளுக ஜெயிக்கிறதும் தோக்குறதும்தான். அதப் பத்தி நம்ம குழுமத்துல எத்தன கேள்வி கேட்டிருக்கேன்? ஒருநாளாச்சும் அரசியல்னு தூக்குனீங்களா? விசான்னு தனிப் பிரிவே போட்டுக் குடுத்தீங்க. என் அட்டை அரசியல் இல்ல, என் தங்கச்சி வாய்க்கா மட்டும் அரசியலா?"

பட்டறையில் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்த பையனை அண்ணன் நிறுத்தச் சொன்னார்.

"தூரத்துல இருக்குற அரசியலு சுடாதுப்பா," என்றார். பிறகு, "சரி, போடு. ஆனா கட்சி பேரு எவன் எழுதினாலும் தூக்கிருவேன். நீ எழுதினாலும்."

இதனால்தான் நான் இங்கேயும் எழுதவில்லை.

5

முழுப் படம் போட்டதும் அண்ணன் பயந்தது அப்படியே நடந்தது. எங்கள் ஆட்சி, உங்கள் ஆட்சி, அணை கட்டியது யார், தூர்வாரியது யார். அண்ணன் ரிப்பேருக்கு வந்த மோட்டாரை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து நீக்கிக்கொண்டே இருந்தார். இரண்டு பேர் குழுமத்தை விட்டே போனார்கள். அதில் ஒருவர் பிரேக்கர் மெஷின் பொறியாளர். அவர் போனது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

அதற்கு நடுவில் ஒரே வரியில் ஒரு பதில் வந்தது. 'கல்வெட்டைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்க.'

எழுதியவர் தாமு அண்ணன். காளவாசலில் பிளெக்ஸ் பேனர் அச்சடிப்பவர், சௌராஷ்டிரக்காரர். அதுவரை மெஷின் மை அடைப்பு பற்றி மட்டும்தான் குழுமத்தில் பேசியிருக்கிறார். எல்லாக் கட்சிக்கும் பேனர் அடிப்பவர் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அரசியல் கூடாது என்று பலகை தொங்கும் இடத்தில் அவருக்குத் தெரிந்ததைச் சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கிறது.

செல்வி கல்வெட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். நான் முதல் படத்தில் வெட்டி எறிந்த அதே கல். 'கொடியேற்றியவர்' என்று பெரிதாக ஒரு பெயர். கிளைச் செயலாளர் என்று கீழே.

உடனே தாமு அண்ணன் எனக்குப் போன் போட்டார். "தம்பி, இந்தப் பேர நான் இப்ப அடிக்கிறதே இல்ல. இவரு வேற கட்சிக்குப் போயிட்டாரு. அந்தக் கட்சி பேனர்ல இவரு மொகம் இப்ப மூணாவதா வருது. இந்தக் கட்சிக்குப் புதுசா ஒருத்தரப் போட்டிருக்காய்ங்க. அவரு மொகந்தான் மொதல்ல. ஆனா பாருங்க, அவரு பேர்ல ஊருக்குள்ள ஒரு கல்லுகூட இல்ல. தெனம் பழைய ஆளு பேருக்கு மேல தன் கொடி பறக்குறதப் பாத்துக்கிட்டு வண்டியில போறாரு. எம்புட்டு எரியும்?"

"அப்ப என்ன செய்யலாம்ணே?"

"வாய்க்கா அடச்சிருக்கு, எடுங்கன்னு போனா நீங்க எதிரி. பஸ் ஸ்டாப்புகிட்ட புதுக் கம்பம் நட்டு, உங்க பேர்ல கல்லு வச்சு, கொடியேத்து விழா நடத்துங்கண்ணே, பழசு மரத்துக்குப் பின்னால மறையுதுன்னு போனா நீங்க சொந்தக்காரவுக. பழச அவரே உடப்பாரு. கொடிக்கம்பத்த எவனும் எடுக்க விடமாட்டாய்ங்க தம்பி. மாத்தி நட ஓடிவருவாய்ங்க."

"பழைய ஆளு சண்டைக்கு வரமாட்டாரா?"

"அவரா? எதிர்க்கட்சிக் கொடிக்கு அடியில அவரு பேரு கல்லுல நிக்குது. புதுக் கட்சியில அத வச்சே ஓட்டுறாய்ங்க. அவருட்டயும் போங்க. உங்க பேர எடுத்துரலாமுன்னு சொல்லுங்க."

பாண்டி இரண்டு வீட்டுக்கும் கிழியாத சட்டை போட்டுக்கொண்டு போனார். இரண்டு வீட்டிலும் காபி கிடைத்தது. பஸ் நிறுத்தத்தை ஒட்டிப் பாண்டியின் சித்தப்பாவுக்கு வீட்டோடு சேர்ந்து ஒரு துண்டு பட்டா நிலம் இருந்தது. கம்பத்துக்கு அதில் ஓரமாக இடம் கொடுத்தார். கட்சிக் கம்பத்தைத் தாண்டி எந்த டிரைவரும் நிறுத்தாமல் போகமாட்டான், இனி தன் வீட்டுக்கு முன்னால் பஸ் கட்டாயம் நிற்கும் என்பது அவர் கணக்கு. இரண்டு தரப்பும் சேர்ந்து போய்ச் சொன்னதும் போலீஸ்காரரும் ஆளை விட்டால் போதும் என்று தலையாட்டிவிட்டார்.

6

இங்கே, வேலையை விட்டு நான் நடந்துபோன பஸ் நிறுத்தத்து மேட்டில் சிக்னல் வந்தது. போன் அடித்தது.

"எங்கண்ணே போன? கட் பண்ணிட்ட?" செல்வியின் முகம் முழுக்க வியர்வை.

"கடப்பாரை என்னாச்சு?"

"அதயேன் கேக்குற. ரெண்டு பேரும் விடமாட்டேங்கிறாய்ங்க. கொடி எங்களுது, நான்தான் மொத அடி அடிப்பேங்கிறாரு புதுசு. பேரு என்னுது, நான்தான் அடிப்பேங்கிறாரு பழசு. எங்க வீட்டுக்காரரு போயி, அண்ணே, பீடத்துக்கு ரெண்டு பக்கம் இருக்கு, ஆளுக்கொரு பக்கம் அடிங்கன்னு இன்னொரு கடப்பாரை எடுத்துக் குடுத்தாரு. போட்டி போட்டு ஒடச்சாய்ங்க பாரு. கூலிக்கு ஆளு விட்டாக்கூட இம்புட்டு வேகமா ஒடச்சிருக்க மாட்டாய்ங்க."

"தண்ணி?"

அவள் போனைத் திருப்பினாள். குழாயின் வாயிலிருந்து முதலில் கறுப்பாக ஒரு சேறு வந்தது. அப்புறம் ஒரு செருப்பு, பிளாஸ்டிக் கவர், தேங்காய் மட்டை. பிறகு தண்ணீர், முதலில் கலங்கலாக, கொஞ்சம் போகப் போக நிறம் தெளிந்து. செல்வி அதன் கூடவே கரையில் ஓடினாள். படம் குலுங்கியது. தண்ணீர் முன்னால் போவதையும் அவள் பின்னால் ஓடுவதையும் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. கொடிக்கால் வேலியைத் தாண்டி முதல் பாத்தியில் அது இறங்கியபோது அவள் நின்றுவிட்டாள். வாடித் தொங்கிய இலைகளுக்கு நடுவில் பாண்டி கால் நனைய நின்றுகொண்டு, கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தார். அவர் அழுவதை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தார் போல.

பஸ் நிறுத்தத்தில் இருந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நல்ல செய்தியா என்று கேட்டிருக்க வேண்டும். ஆமாம், தண்ணீர் என்றேன். இந்த மாகாணமும் வறண்ட பூமிதான். அவருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார்.

7

வீட்டுக்குப் போனதும் தேன்மொழி பையைப் பார்த்தாள், திறக்காத டப்பாவைப் பார்த்தாள்.

"இதையும் விட்டாச்சா?"

"விட்டாச்சு. கொடிக்காலுக்குத் தண்ணி வந்துருச்சு."

"அது அங்க வரும். இங்க வாடகைக்கு எது வரும்?" என்றாள். ஆனால் டப்பாவைத் திறந்து சூடுபண்ணித்தான் வைத்தாள். வீடியோவை இரண்டு தடவை போடச் சொன்னாள்.

கயலும் எட்டிப் பார்த்தாள். அத்தை என்று கூப்பிட வேண்டிய செல்வியை அவள் இப்போது 'தியா' என்கிறாள், பள்ளிக்கூடப் பாஷையில். எப்போதும் திருத்துவேன். கொடிக்கம்பத்தை ஏன் தண்ணீருக்குள் நட்டார்கள், யாரும் கேட்கவில்லையா என்று பாதித் தமிழில் கேட்டாள். கேட்டார்கள், கேள்வியைத் தூக்கிவிட்டார்கள் என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. அவள் வகுப்பில் இந்த ஊர்த் தேர்தலைப் பற்றிக் கேள்வி எழுதிவரச் சொல்கிறார்களாம். அன்றைக்கு நான் அவளுடைய 'தியா'வைத் திருத்தவில்லை. இந்தப் பிள்ளை எந்தப் பாஷையில் கேட்டாலும் கேட்கட்டும் என்றிருந்தது.

சாயங்காலம் முத்துவேல் அண்ணன் முகப்பை மாற்றியிருந்தார். அப்பாவின் பலகை அங்கேயேதான் இருந்தது. அவரால் அதை எடுக்க முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் அதன் கீழே புதிதாக எழுதியிருந்தார்: 'எந்தக் கட்சி நல்லது என்று இங்கே கேட்காதீர்கள். உங்கள் ஊரில் நடப்பதைக் கேளுங்கள். படத்தை வெட்டாமல் போடுங்கள்.'

அதற்குக் கீழே அன்றைக்கே ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை, நின்றுபோன டவுன் பஸ் என்று கேள்விகள் வந்திருந்தன. இவ்வளவு நாளும் எங்கே இருந்தன இவை என்று நினைத்தேன். இரண்டு வசவும் வந்து, நீக்கப்பட்டிருந்தன. பொறியாளருக்குத் திரும்ப வரச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

நேபாளத்து நண்பன் ஒருவன் சொல்லி, மறுநாள் காலை இந்த ஊர்ப் பாசனச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வாய்க்கால் சுத்தம் செய்வது, மதகுகளுக்கு எண்ணெய் போடுவது. என்ன தெரியும் என்று கேட்டார்கள். தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்றேன். மேஸ்திரி ஜோவாகிம் என்னை முதல் மதகுக்குக் கூட்டிப்போனார். மதகைத் திறக்கும் சக்கரத்தின் குறுக்கே உள்ளூர்த் தேர்தல் வேட்பாளர் ஒருவரின் பலகையைக் கம்பி போட்டு இறுகக் கட்டியிருந்தார்கள். சக்கரம் சுற்றவில்லை. பலகை கட்டிய நாளிலிருந்து இதைத் திறக்கவில்லை, தேர்தல் முடியட்டும், நமக்கு எதற்கு அரசியல் என்று சொல்லிவிட்டு ஜோவாகிம் அடுத்த மதகுக்கு நடக்கத் தொடங்கினார்.

நான் நகரவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில், யார் பெயர் போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

அவர் திரும்பி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என் மச்சினன்," என்றார்.

அப்படியானால் போன் போடுங்கள் என்றேன். கையுறையை மாட்டிக்கொண்டு சக்கரத்துக்கு எண்ணெய் போடத் தொடங்கினேன்.